பங்களாவும் சிநேகமும்

1910-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் எடின்பரோ நகரில் கூடிய உலக மிஷனெரி மாநாட்டில், திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா என்னும் குருவானவர் எழுந்து, மேல்நாட்டு மிஷனெரிமார் தம் பொருளையும் சரீர உழைப்பையும் வேண்டியபோது உயிரையுங்கூட இந்தியருக்காகக் கொடுத்தது மெய்யே என்று நன்றியுடன் ஒப்புக்கொண்டு, அவற்றோடு அன்பையும் கேட்கிறோம், எங்களுக்குச் சிநேகிதராக இருங்கள் என்று முடித்தார். அந்தப் பேச்சு அவையில் பலருக்குக் கசந்தது. இரண்டு வருஷங்களுக்குப் பின் தோர்ணக்கல் அத்தியட்சராக அபிஷேகம் பெற்று, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய அத்தியட்சரானவர் இவரே. அவர் எடின்பரோவில் கேட்டது பதவியன்று, பணமன்று. வீட்டுக்கு வீடு நிகழவேண்டிய ஓர் உறவு. ஆதலால் மிஷனெரிகளின் சரித்திரத்தைப் பள்ளிகள் எத்தனை, வைத்தியசாலைகள் எத்தனை என்று எண்ணிப் பார்ப்பவர்கள், அந்தக் குடும்பங்களின் தாழ்வாரத்தையும் சாப்பாட்டு மேஜையையும் எட்டிப் பாராமல் திரும்பிவிடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

அக்குடும்பங்கள் பட்ட பாடு சிறிதன்று. 1834-இல் ஆரம்பமான அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள், காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் மனைவி மக்களைப் பறிகொடுத்துப் பறிகொடுத்து, 1845-இல் பழனிமலையின் உச்சியில் முதல் வீடுகளைக் கட்டிக்கொண்டார்கள். இன்று நாம் விடுமுறைக்குப் போய்க் குளிர்ச்சியை அனுபவிக்கும் கோடைக்கானல் அவ்வாறுதான் ஓர் ஊரானது. பிள்ளைகளுக்குப் படிப்பு வேண்டும் என்று வந்தபோதோ, அவர்களைக் கப்பலேற்றித் தாய்நாட்டுக்கு அனுப்பிவிட்டு, அடுத்த விடுப்புவரை வருஷக்கணக்காக முகம் பாராதிருப்பதே வழக்கமாக இருந்தது. இந்தப் பிரிவைக் குறைக்கவே 1901-இல் கோடைக்கானலில் ஒரு பள்ளிக்கூடம் எழுந்தது. அதனை முதலில் நடத்திய மார்கரெட் எடி அம்மையார், அசரியாவின் ஆப்த சிநேகிதரான ஷெர்வுட் எடியின் தாயார். மகன் ஓர் இந்தியரோடு வேற்றுமையின்றிப் பழகிய அதே காலத்தில், மலைமேல் தாயார் நடத்திய பள்ளியோ மிஷனெரிமாரின் பிள்ளைகளுக்கென்றே வகுக்கப்பட்டிருந்தது. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஒரே குடும்பத்துக்குள் இரண்டும் இடம்பெற்றிருந்தன என்பதைச் சொல்லுகிறேன்.

எல்லாப் பிள்ளைகளும் அம்மலைக்குப் போகவில்லை. சேலத்துக்குத் தெற்கே கொல்லிமலையில் 1914-இல் பிறந்த பால் பிராண்ட், மலைவாழ் சிறுவர்களோடு மரமேறி விளையாடி, மரக்கிளையில் உட்கார்ந்தபடியே தாயாரிடம் பாடம் கற்று வளர்ந்தவர். ஒன்பதாம் வயதில், 1923-இல், அவரையும் தங்கையையும் லண்டனில் தாயின் சகோதரிகளிடம் ஒப்படைத்துவிட்டுப் பெற்றோர் மலைக்குத் திரும்பினார்கள். தந்தையார் ஜெஸ்ஸி, மலையின் மரம் செடி பூச்சிகளையெல்லாம் வருணித்து மகனுக்குக் கடிதம் எழுதிக்கொண்டேயிருந்தார். 1929-இல் விஷக்காய்ச்சலில் அவர் இறந்த செய்தி தந்தி வழியே லண்டனுக்கு எட்டிவிட்டது. கப்பலில் வந்துகொண்டிருந்த அவர் கைப்படக் கடிதங்களோ, அதன் பிறகும் வாரங்கள் வரையில் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. தந்தையைப் பிள்ளை மறுபடி பார்க்கவேயில்லை. அந்தப் பிள்ளைதான் 1946-இல் வைத்தியராக வேலூருக்கு வந்து, குஷ்டரோகிகளின் மடங்கிய விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்திக் காட்டினார்.

ஆனால் அசரியாவின் வேண்டுகோளுக்கு விடை, மகனைக் காட்டிலும் தாயாரிடமே தெளிவாகக் கிடைக்கிறது. லண்டனின் செல்வக் குடும்பத்தில் பிறந்த எவ்லின் பிராண்ட், கணவர் இறந்த பின்னும் ஊழியத்தில் நீடித்தார். எழுபதை நெருங்குகையில், வயதாகிவிட்டதென்று மிஷன் நிர்வாகம் ஓய்வுகொள்ளச் சொன்னபோது, அதன் சம்பளத்தையும் உறவையும் விட்டுவிட்டுத் தம் சொந்தப் பொறுப்பில் கொல்லிமலைக்கே திரும்பி, சிறு குடிசை ஒன்றில் தங்கி, குதிரைமேல் ஊர் ஊராகச் சுற்றி, 1974-இல் தொண்ணூற்றைந்தாம் வயதில் காலமானார். கணவர் கல்லறைக்கு அருகிலேயே அடக்கம் பண்ணப்பட்டார். துரைசானி அம்மாளாக மலையேறியவர் மலைவாசிகளின் பாட்டியாக ஆனது, ஸ்தாபனம் அவரைக் கைவிட்ட பிறகே முழுமையாக நிகழ்ந்தது என்று நினைக்கிறேன். சம்பளம் கொடுக்கும் கைக்கும் வாங்கும் கைக்கும் இடையே சிநேகம் முளைப்பது அரிது. உபதேசியார் வாசற்படியில் நின்று பேசவேண்டிய பங்களாவில், துரை எவ்வளவு நல்லவராயினும் எஜமானரே. அசரியா எடின்பரோவில் சுட்டியதும் இந்த எஜமான பாவனையைத்தான். காஞ்சிபுரத்தில் ராமகிருஷ்ண மடத்தில் தரையில் அமர்ந்து, ஒரு வாரம் உபநிஷத்தும் மறு வாரம் யோவான் சுவிசேஷமுமாக அங்கிருந்தோரோடு சேர்ந்து வாசித்த லெஸ்லி நியூபிகின் என்னும் மிஷனெரிக்கு அந்தச் சிநேகம் கிட்டியதென்றால், அங்கே ஒருவர் மற்றவருக்குப் படியளப்பவராக இல்லாததும் ஒரு காரணமாகும்.

இந்தக் குடும்பங்களின் ஞாபகங்கள் பெரும்பாலும் அவர்கள் எழுதியவை. வீட்டுக்கு எழுதிய கடிதங்கள், மிஷனுக்கு அனுப்பிய அறிக்கைகள், முதுமையில் பிள்ளைகள் எழுதிய சுயசரிதங்கள் எல்லாம் ஆங்கிலத்தில், கடல் கடந்த நூலகங்களில் பத்திரமாயிருக்கின்றன. மதுரை மிஷனை நடத்திய அமெரிக்கன் போர்டின் காகிதங்கள் ஹார்வர்டில் இருக்கின்றன. அவற்றில் வரும் ஆயாவுக்கும் சமையற்காரருக்கும் வேதாகம ஸ்திரீக்கும் பெரும்பாலும் ஒரு பெயரே உண்டு, வீட்டுப் பெயரோ ஊரோ கிடையாது. அந்தப் பிள்ளைகளுக்குத் தமிழைத் தாலாட்டோடு சொல்லிக்கொடுத்து, கப்பலேறும் நாளில் துறைமுகத்திலோ ரயிலடியிலோ விடைகொடுத்து நின்ற ஆயா, அந்தப் பிரிவைப் பற்றி என்ன நினைத்தாள் என்பது எந்த நூலகத்திலும் இல்லை.

பழைய மிஷன் வளவுகளில் பிறந்து வளர்ந்த முதியோர் இன்னும் சிலர் நம் சபைகளில் இருக்கிறார்கள். ஞானஸ்நானப் பதிவேடுகளும் ஆலயத்துப் பெட்டிகளில் செல்லரித்துக்கொண்டு கிடக்கின்றன. நூற்றாண்டு விழாவுக்கு வர்ணம் பூசவும் மலர் அச்சிடவும் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி, வாலிபர் சங்கத்தில் இரண்டு பேரை நோட்டுப் புஸ்தகத்தோடு இந்தப் பெரியவர்களிடம் அனுப்பினால், மறுபாதிச் சரித்திரம் தமிழிலேயே எழுதப்பட்டுவிடும். அடிமைக் காலத்து ஞாபகம் நமக்கு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு; அக்காலத்தை வெள்ளையர் சொன்ன அளவிலேயே விட்டுவைப்பதைவிட, நம் பாட்டிமார் சொன்னதையும் சேர்த்துக்கொள்வது அதற்கு விடையாகும். கேட்கப்போகும் வாலிபர்கள், பங்களாவில் யார் யார் மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்பதோடு, யாருக்கு நாற்காலி கொடுக்கப்படவில்லை என்பதையும் தயங்காமல் கேட்டு எழுதிக்கொள்ளட்டும்.