மிச்சக் காசு யாருக்கு?



உள்ளட்டையைப் பார்த்தவர்கள் கவனித்திருப்பீர்கள். இந்த இதழிலிருந்து வெளியீட்டாளரும் ஆசிரியரும் மாறியிருக்கிறார்கள். தொடங்கிய நாள் முதல் ஆசிரியராக இதழைச் சுமந்த சேர் உடல்நிலை காரணமாக ஓய்வெடுக்கிறார். கொழும்பில் அச்சிட்டு வெளியிட்ட நண்பர்களுக்குத் தாள் விலை கட்டுப்படியாகவில்லை. அதனால் மன்னாரில் தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கும் ஆசிரியர்களான நாங்கள் பொறுப்பை ஏற்றிருக்கிறோம். சந்தா கட்டியவர்களுக்குச் சந்தாக் காலம் முடியும்வரை இதழ் தவறாமல் வரும். விலையும் இப்போதைக்கு அதேதான்.

நிரலாக்கத்துக்கென்று தமிழில் ஓர் இதழ் எதற்கு என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களை எங்கள் உயர்தர வகுப்புக்குக் கூட்டிவர விருப்பம். பிள்ளைகள் தமிழ் மொழிமூலம் பைதன் படிக்கிறார்கள். ஊர்ப் பெயரைக் கொடுத்து அதன் நீளத்தைக் கேட்டால் ‘மன்னார்’ என்பதற்கு 7 என்று விடை வருகிறது. நான்கு எழுத்தென்று முதலாம் வகுப்பிலேயே எண்ணப் பழகிய பிள்ளை திகைத்துப்போகிறது. யுனிகோடில் ம, ன, குற்று, ன, அரவு, ர, குற்று என்று ஒவ்வொன்றுக்கும் தனி இடம். ஆங்கிலப் பாடநூலை எழுதுபவருக்கு இதை விளக்கும் தேவை வருவதில்லை. எங்கள் பிள்ளைக்கு முதல் வாரத்திலேயே வந்துவிடுகிறது.

சேர் இந்த இதழுக்கு என்ன செய்தார் என்பதை ஒரு சம்பவத்தால் சொல்கிறேன். பேசாலையிலிருந்து ஒரு மாணவி நிரல் ஒன்று அனுப்பியிருந்தாள். அப்பாவின் வள்ளத்துக் கணக்குக்காக எழுதியது. மீன் விற்ற காசில் எண்ணெய்ச் செலவைக் கழித்து, வள்ளத்துக்கும் வலைக்கும் உரிய பங்கை எடுத்துவைத்து, மீதியைத் தொழிலுக்குப் போன ஆட்களுக்குப் பிரிக்க வேண்டும். முழு ரூபாயாக வரவேண்டுமென்று மிச்சத்தை விட்டுவிடும் வகுத்தலைப் பயன்படுத்தியிருந்தாள். நிரல் பிழையில்லாமல் ஓடியது. வேறு யாராக இருந்தாலும் அப்படியே அச்சுக்கு அனுப்பியிருப்பார்கள். சேர் வழக்கம்போல முழு நிரலையும் தன் கையால் தட்டச்சுச் செய்து, 25,000 ரூபாயை ஆறு பேருக்குப் பிரித்துப் பார்த்தார். ஆளுக்கு 4,166. நான்கு ரூபாயைக் காணவில்லை. தாளின் ஓரத்தில் சிவப்புப் பேனையால் ‘மிச்சக் காசு யாருக்கு?’ என்று எழுதித் திருப்பி அனுப்பினார்.

பிள்ளை அப்பாவிடம் போய்க் கேட்டிருக்கிறாள். “அது தேத்தண்ணிக்கு” என்றாராம். அடுத்த இதழில் நிரல் ஒரு வரி கூடுதலாக வெளிவந்தது. மீதியைத் தனியாகச் சேர்த்துவைக்கும் மாறி ஒன்று, அதற்குத் ‘தேத்தண்ணி’ என்று தமிழிலேயே பெயர். பைதன் 3 தமிழ் எழுத்தில் பெயர் வைக்க இடம் தருகிறது என்பதைப் பல ஆசிரியர்களே அன்றுதான் தெரிந்துகொண்டார்கள்.

இதழ் கைமாறும்போது, நிரலைத் தட்டச்சுச் செய்து ஓட்டிப் பார்க்கும் இந்தப் பழக்கம் விட்டுப்போய்விடுமோ என்பதுதான் எங்களுக்கிருந்த பயம். கைமாறி நின்றுபோன இதழ்கள் உண்டு. 1975 செப்டெம்பரில் அமெரிக்காவில் தொடங்கிய ‘பைட்’ கணினி இதழை 1979 இல் மக்ரோ ஹில் வாங்கியது. அங்கே நன்றாகவே வளர்ந்தது. 1998 மே மாதம் சிஎம்பி என்ற நிறுவனத்துக்குக் கைமாறியது. அந்த ஆண்டு ஜூலை இதழோடு அச்சு நின்றது. பெயரை வாங்கியவர்களுக்கு அச்சு இதழ் தேவைப்படவில்லை போலும்.

‘டாக்டர் டொப்ஸ் ஜேர்னல்’ கதை வேறு. 1976 ஜனவரியில் கலிபோர்னியாவில் ‘பீப்பிள்ஸ் கம்ப்யூட்டர் கம்பனி’ என்ற சிறு அமைப்பு, மூன்று இதழோடு முடித்துக்கொள்ளும் எண்ணத்தில் தொடங்கியது அது. ஜிம் வாரன் முதல் ஆசிரியர். ‘டைனி பேசிக்’ என்ற சின்னஞ்சிறு மொழியை வாசகர்களே எழுதி அனுப்ப, நிரலை முழுதாக அச்சிட்டார்கள். பிறகு எத்தனையோ பதிப்பாளர்களும் ஆசிரியர்களும் மாறினார்கள். ஆனாலும் 2009 வரை அச்சிலும் 2014 இறுதிவரை இணையத்திலும் நின்றது. வாசகர் கையில் நிரலைக் கொடுக்கும் வழக்கம் அங்கே ஊறிப்போயிருந்ததுதான் காரணம் என்பது என் எண்ணம்.

எங்கள் பக்கத்து இழப்பும் நினைவில் இருக்கிறது. டொமினிக் ஜீவா 1966 இல் தொடங்கித் தோளில் சுமந்து விற்ற ‘மல்லிகை’ இலக்கிய இதழ், அவர் தளர்ந்த காலத்தில், 2012 இல், நின்றுபோனது. எடுத்து நடத்த ஆளில்லை. அதன் பழைய இதழ்களை இன்றைக்கு நூலகம் நிறுவனத்தின் எண்ணிமத் தொகுப்பில் எந்தப் பிள்ளையும் திறந்து வாசிக்கலாம் என்பது பெரிய ஆறுதல். தமிழ்நாட்டு நண்பர்கள் 2012 ஜனவரியில் தொடங்கிய ‘கணியம்’ மின்னிதழ் இந்த விடயத்தில் இன்னும் தெளிவானது. கட்டற்ற மென்பொருள் பற்றிய அதன் கட்டுரைகள், யாரும் படியெடுத்துப் பகிரலாம் என்ற உரிமத்தோடு தொடக்கத்திலிருந்தே வருகின்றன.

ஆகவே பொறுப்பை வாங்கும்போது இரண்டு விடயங்களை வற்புறுத்திக் கேட்டோம். ஒன்று, சேரின் திருத்தக் கொப்பிகள் எல்லாம். மற்றது, பழைய இதழ்களை யாரும் படியெடுக்கலாம் என்ற எழுத்துமூல அனுமதி. இரண்டும் கிடைத்தன. மனமாரத் தந்த பழைய வெளியீட்டாளர்களுக்கு எங்கள் நன்றி. சேரும் முற்றாகப் போய்விடவில்லை. வரும் நிரல்களில் தனக்குப் பிடித்ததை வீட்டிலிருந்து பார்த்துத் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.

அடுத்த இதழுக்கான வேலை இது. பாடசாலை இடாப்பில் ஊர்ப் பெயர்களை அகர வரிசைப்படுத்தச் சொன்னால், கணினி மன்னாரை மருதமடுவுக்கு முன்னால் வைக்கிறது. யுனிகோடில் னகரம் நகரத்துக்கு அடுத்து நிற்பதால் வந்த வினை. நம் நெடுங்கணக்கில் அது கடைசி மெய். முறையான வரிசை தரும் நிரலை நீங்கள் எழுதி அனுப்புங்கள். பைதனோ பாஸ்கலோ, எந்த மொழியானாலும் சரி. கையெழுத்துப் பிரதியும் ஏற்போம், நாங்கள் தட்டச்சுச் செய்து ஓட்டிப் பார்க்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்