அம்பாசிடர்னா ஆயில் ஒழுகத்தான் செய்யுமா?

"பழைய வண்டி, அதுவும் அம்பாசிடர். ஆயில் ஒழுகத்தான் சார் செய்யும்!"

மணப்பாறையில் ஆரம்பித்து திருச்சி வரைக்கும் பட்டறை பட்டறையாகக் கேட்டுப் பார்க்கலாம், இந்த வசனம் கிடைக்கும். சொல்கிறவர் மெக்கானிக் என்றால் அடுத்த வரி, "இன்ஜினை இறக்கிடலாமா?" சொல்கிறவர் வண்டிக்காரர் என்றால், "அடியில ஒரு தட்டு வெச்சுட்டாப் போச்சு." ஒருவர் பல ஆயிரம் ரூபாய்க்கு வழி காட்டுகிறார், இன்னொருவர் ஒரு பழைய தட்டோடு முடித்துக்கொள்கிறார். எங்கிருந்து ஒழுகுகிறது என்று இருவருமே பார்க்கவில்லை.

இத்தனைக்கும் இது மாட்டுச் சந்தைக்குப் பேர் போன ஊர். சந்தையில் மாடு வாங்க வருகிறவர் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார், சுழி பார்ப்பார், நாலு எட்டு நடக்கவிட்டுப் பார்ப்பார். அதற்கப்புறம்தான் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேச்சு. அதே மனிதர் காரைப் பட்டறையில் விடும்போது பானெட்டைக்கூடத் தூக்கிப் பார்ப்பதில்லை. "சாயங்காலம் ரெடி பண்ணிடுங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்.

ஒழுகினால் என்ன, ஊற்றிக்கொண்டே இருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. நிமிஷத்துக்கு ஒரு சொட்டு, 30 சொட்டு ஒரு மில்லி என்று வைத்துக்கொள்ளலாம். மணிக்கு 2 மில்லி, நாளுக்கு 48 மில்லி, மூன்று வாரத்தில் 1 லிட்டர். ஓடும்போது எண்ணெய் சூடாகி இளகிவிடும், பம்ப் வேறு அழுத்தும், அப்போது கசிவு இன்னும் கூடும். அளவு குறைந்தது தெரியாமல் ஒரு நீண்ட ஓட்டம் போனால் பேரிங் காலி. கசிவு கிளட்ச் பக்கம் போனால் பிளேட் வழுக்கும். சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் சொட்டினால் புகை, சமயத்தில் தீ. கல்யாண சவாரியையும் ஆஸ்பத்திரி சவாரியையும் நம்பி ஒற்றை வண்டி வைத்திருப்பவருக்கு இது பிழைப்பு சம்பந்தப்பட்ட விஷயம்.

சரி, அந்த இன்ஜினுக்கு வருவோம். மேற்கு வங்காளத்தில் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த அம்பாசிடரில் பல பத்தாண்டுகள் இருந்தது இங்கிலாந்துக்காரர்களின் பி.எம்.சி. பி-சீரிஸ் 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜின். 1955இல் வந்த எம்.ஜி.ஏ. என்ற ஸ்போர்ட்ஸ் காரிலும் இதே 1489 சி.சி. குடும்பம்தான். 1990களில் இசுசூ இன்ஜின் வந்தது, 2014 மே மாதத்தோடு அம்பாசிடர் தயாரிப்பே நின்றுபோனது. ஆக, இன்று ஓடும் அம்பாசிடர் எதுவானாலும் வயசான வண்டிதான். ஆனால் வயசு என்பது நோயின் பெயர் ஆகாது. எழுபது வயசுக்காரர் கால் வலி என்று போனால் "வயசாச்சு" என்று மட்டும் சொல்லி அனுப்பும் டாக்டரை ஊர் என்ன சொல்லும்?

எண்ணெய் ஒரு ஏமாற்றுக்காரன். மேலே கசியும், கீழே சொட்டும். முன்னால் கசியும், ஃபேன் காற்று அதைப் பின்னால் தள்ளிக்கொண்டு போகும். சம்ப் முழுக்க நனைந்திருப்பதைப் பார்த்து சம்ப் பேக்கிங்கை மாற்றுவார்கள். அடுத்த வாரம் அதே ஈரம். மேலே ராக்கர் கவரின் கார்க் பேக்கிங் காய்ந்து வெடித்திருக்கும், அதை யாரும் தொட்டே இருக்க மாட்டார்கள். மேனிஃபோல்டுக்கு அடியில் இன்ஜின் பக்கவாட்டில் இரண்டு டேப்பட் சைடு கவர்கள் உண்டு. கை நுழைவது கஷ்டம், அதனாலேயே அவை கண்ணில் படுவதில்லை. கசிவுக்குப் பேர்போன இடமே அவைதான்.

கண்டுபிடிக்க என்ன பெரிய வித்தை வேண்டும்? முதலில் ஆறின இன்ஜினை டீசல் விட்டுத் துடைத்துக் காயவைக்க வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டரை பாலிதீன் பையால் மூடிக்கொண்டால் போதும். பெட்ரோல் விட்டுக் கழுவுவது மட்டும் வேண்டவே வேண்டாம். பிறகு சந்தேகப்பட்ட இணைப்புகளில் சாக்பீஸ் பொடியோ முகப் பவுடரோ தூவ வேண்டும். பத்து பதினைந்து நிமிஷம் ஓடவிட்டு, அணைத்து, டார்ச் அடித்து மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வந்தால், வெள்ளைப் பொடியில் முதலில் எந்த இடம் கறுக்கிறதோ அதுதான் ஊற்றுக்கண். ராத்திரி வண்டிக்கடியில் விரித்த செய்தித்தாளும் உதவும். கறை முன்பக்கமா, நடுவிலா, கிளட்ச் பக்கமா என்று காலையில் தெரிந்துவிடும். அரைநாள் வேலை, செலவென்று பெரிதாக ஒன்றும் இல்லை.

இடம் தெரிந்ததும் ஸ்பேனரை எடுத்து முறுக்கோ முறுக்கென்று முறுக்குவது அடுத்த பாவம். முறுக்கு மணப்பாறைக்குப் பெருமைதான், 2023இல் புவிசார் குறியீடுகூடக் கிடைத்தாயிற்று. ஆனால் தகட்டுக் கவரின் போல்ட்டில் அந்தக் கைவரிசையைக் காட்டினால் கார்க் நசுங்கும், தகடு வளையும், அப்புறம் புதுப் பேக்கிங் போட்டாலும் உட்காராது. அதன்மேல் சீலன்ட்டை அப்பினால் உள்பக்கம் பிதுங்கிய துணுக்கு எண்ணெயோடு போய் எங்கே அடைக்கும் என்பது யாருக்கும் தெரியாது.

எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது பிரீதர். பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்கும் காற்று வெளியே போகிற மூச்சுக்குழாய் அது. இந்த இன்ஜினில் முன்பக்க சைடு கவரோடு சேர்ந்து வரும். கரியும் பிசுக்கும் அடைத்துவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறி, எந்த பேக்கிங் பலவீனமோ அந்த வழியாக எண்ணெயைத் தள்ளும். அப்போது எத்தனை பேக்கிங் மாற்றினாலும் இன்னொரு இடத்தில் ஒழுகும். குழாயை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுச் சுத்தம் செய்தால் தீர்கிற சங்கதிக்கு இன்ஜினையே இறக்கினால் அதை என்னவென்று சொல்வது?

இன்னொரு கூத்தும் உண்டு. "பின் ஆயில் சீல் போயிடுச்சு, மாத்திட்டேன்" என்று பில் வரும். இந்த 1489 சி.சி. இன்ஜினின் மூல வடிவமைப்பில் கிராங்கின் பின்முனையில் ரப்பர் சீலே கிடையாது! அங்கே இருப்பது திருகு மாதிரி வெட்டிய ஒரு பள்ளம். கிராங்க் சுற்றும்போது வெளியே வரப் பார்க்கும் எண்ணெயை அது உள்ளே திருப்பி அனுப்பும். சுற்றாதபோது அதற்கு வேலை இல்லை. அதனால் நிறுத்திய வண்டியில் பெல் ஹவுசிங் துளை வழியாக ஓரிரு சொட்டு விழுவது இயல்பு. "ஒழுகத்தான் செய்யும்" என்ற வசனம் பொருந்துகிற ஒரே இடம் அதுதான். அந்த ஒரு சொட்டுக்கான மன்னிப்பை இன்ஜின் முழுக்கப் பூசிவிட்டார்கள்.

இன்ஜினை இறக்கவே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. பிரீதர் சுத்தமாக இருந்தும், ஓடுகிற இன்ஜினில் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை தள்ளுகிறதா, சைலன்சரிலும் நீலப் புகையா, அப்போது ரிங் தேய்ந்திருக்கிறது, இறக்கித்தான் ஆக வேண்டும். பின்பக்கம் சொட்டு நின்று தாரையாக ஊற்றினாலும் அப்படித்தான். ஆனால் அது பார்த்த பிறகு எடுக்கிற முடிவாக இருக்க வேண்டும்.

மெக்கானிக்கை மட்டும் திட்டி முடித்துக்கொள்வதும் நியாயமில்லை. பேக்கிங் மாற்றினால் காசு, இன்ஜின் இறக்கினால் நல்ல காசு. அரைநாள் உட்கார்ந்து பொடி தூவி டார்ச் அடித்துப் பார்த்தால்? "சும்மா பார்த்ததுக்கா காசு?" என்று கேட்பது வண்டிக்காரர்தானே! பார்ப்பதற்குக் கூலி இல்லாத இடத்தில் யார் பார்ப்பார்கள்? சந்தையில் தரகருக்குக் கொடுப்பதும் மாட்டைப் பற்றித் தெரிந்த கண்ணுக்கான கூலிதான். அதைக் கொடுக்கிற கை இங்கே மட்டும் ஏன் சுருங்குகிறது?

வண்டியை விடும்போதே இரண்டு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். "முதல்ல எங்கேன்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. அதுக்குத் தனியா கூலி தர்றேன், அப்புறமா ஸ்பேனரை எடுங்க." இப்படிக் கேட்கிறவர்கள் நாலு பேர் சேர்ந்தால், பார்க்கத் தெரிந்த மெக்கானிக்குகளும் தானாகப் பெருகுவார்கள்.