ஒரு பத்து நிமிஷம் வெளியில இருங்கம்மா!

"என்னம்மா பண்ணுது?" என்று நான் கேட்டது பத்தாம் வகுப்பு மாணவியிடம். பதில் சொன்னது அவள் அம்மா.

"அடிக்கடி தலைசுத்தல் டாக்டர். ஒழுங்கா சாப்பிடுறதில்ல. எந்நேரமும் போன்தான்!"

மகள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டீன் ஏஜ் பிள்ளைங்ககிட்ட கொஞ்ச நேரம் தனியா பேசுறது என் வழக்கம். ஒரு பத்து நிமிஷம் வெளியில இருங்கம்மா" என்றேன். அரைமனதோடு எழுந்து போனார். நர்ஸ் உடன் இருந்தார்.

முதலில் அவளிடம் விதியைச் சொன்னேன். "நீ சொல்றதை உன்னைக் கேட்காம அம்மாகிட்ட சொல்ல மாட்டேன். ஆனா, உன் உயிருக்கு ஆபத்துன்னாலோ, யாராவது உன்கிட்ட தப்பா நடந்திருந்தாலோ என்னால மறைக்க முடியாது. அப்பவும் உன்கிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன்."

'எதையும் யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று டாக்டர் வாக்கு கொடுக்கக் கூடாது. 18 வயதுக்கு உட்பட்டவர்கள் மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால், 2012-ம் ஆண்டு போக்சோ சட்டப்படி புகார் தெரிவித்தே ஆக வேண்டும். காப்பாற்ற முடியாத வாக்கு, இருக்கிற நம்பிக்கையையும் கெடுத்துவிடும்.

பிறகு ஸ்கூல், தோழிகள், தூக்கம் என்று பேசினோம். மெள்ள வாய் திறந்தாள். "பீரியட்ஸ் பத்து நாள் இருக்கு டாக்டர். ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட் மாத்துறேன்."

"அம்மாகிட்ட சொல்லலையா?"

"ஒரு தடவை சொன்னேன். 'எல்லாருக்கும் இப்படித்தான்'னு சொல்லிட்டாங்க."

அவள் வயதுப் பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் குறையக் கூடாது. அவளுக்கு இருந்தது 8.4. தலைசுத்தலுக்குக் காரணம் போன் அல்ல. ஏழு நாள்களைத் தாண்டும் உதிரப்போக்கு சாதாரணமும் அல்ல. இரும்புச்சத்து மாத்திரையோடு, உதிரப்போக்குக்கான காரணத்தை அறியும் பரிசோதனைகளையும் எழுதினேன்.

"அம்மாகிட்ட நான் சொல்லட்டுமா, நீயே சொல்றியா?"

"நீங்களே சொல்லுங்க. நான் பக்கத்துல இருக்கேன்."

கேட்டதும் அம்மாவின் கண் கலங்கியது. "எங்கம்மா எனக்குச் சொன்னதைத்தான் நானும் இவகிட்ட சொல்லிட்டேன் டாக்டர்."

பெற்றோரே, டாக்டர் உங்கள் பிள்ளையிடம் கேட்கும் கேள்விக்குப் பிள்ளையே பதில் சொல்லட்டும். தனியாகப் பேசிவிட்டு வந்தால், "உள்ள என்ன சொன்ன?" என்று வழியெல்லாம் துருவாதீர்கள். "எப்ப வேணும்னாலும் என்கிட்ட சொல்லலாம்" என்பது மட்டும் போதும்.

அடுத்த முறை வந்தபோதும் "எப்படி இருக்கே?" என்று கேட்டேன். அம்மா வாய் திறக்கப்போய், சட்டென்று நிறுத்திக்கொண்டு மகளைப் பார்த்தார்.

"பரவாயில்ல டாக்டர்" என்றாள் அவள், என் முகத்தைப் பார்த்து.