தூத்துக்குடியின் கார் யாருடையது?

வியட்நாமின் வின்ஃபாஸ்ட் நிறுவனம் தூத்துக்குடி சிப்காட் வளாகத்தில் அமைத்த மின்சாரக் கார் ஆலை 2025 ஆகஸ்ட் 4 அன்று திறக்கப்பட்டது. அடுத்த மாதமே விஎஃப் 6, விஎஃப் 7 ஆகிய கார்கள் விற்பனைக்கு வந்தன. 59.6 கிலோவாட்-மணி பேட்டரி எவ்வளவு தூரம் ஓட்டும், வடிவமைப்பு ஈர்க்கிறதா, கொடுக்கும் விலைக்குத் தகுமா என்று கார்ப் பிரியர்கள் அலசுகிறார்கள். வாங்குபவருக்கு இக்கேள்விகள் போதும். காரைச் செய்யும் ஊர் கேட்க வேண்டிய கேள்வி வேறு என்பது என் கருத்து: இந்தக் காரில் எவ்வளவு பங்கு இங்கே உருவாகிறது?

இப்போதைக்கு வியட்நாமிலிருந்து வரும் பாகங்களைப் பொருத்தும் பணியே முதன்மையானது. விஎஃப் 7-இன் தோற்றத்தில் இத்தாலியின் டொரினோ டிசைன் நிறுவனத்துக்குப் பங்குண்டு. இப்படித் தொடங்குவது குறையன்று. பல நிறுவனங்களும் அவ்வாறே தொடங்கின. ஆண்டுக்கு 50,000 கார்கள், பின்னர் 1,50,000 என்பது ஆலையின் திட்டம். முத்துக்குளிப்பு நின்றுபோய், உப்பளத்தையும் மீன்பிடியையும் துறைமுகத்தையும் நம்பியிருக்கும் கடற்கரைக்கு இது பெரிய வாய்ப்பு.

ஆனால், பொருத்தும் வேலையை மட்டும் நம்பியிருப்பதன் ஆபத்தை மறைமலைநகர் காட்டியது. 2021 செப்டம்பரில் ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. மறுஆண்டு அந்த ஆலை ஓய்ந்தது. தொழிலாளர்களுக்குத் திறமை இருந்தது, அருகில் துறைமுகங்கள் இருந்தன, ஏற்றுமதியும் நடந்தது. நட்டக் கணக்கின் முன் அவை எடுபடவில்லை. அதே வேளையில், சென்னையில் ஃபோர்டின் பொறியியல், மென்பொருள், நிர்வாகப் பணிகளைச் செய்த அலுவலகங்கள் மூடப்படவில்லை. உற்பத்தி போனபோதும் அறிவு சார்ந்த வேலை தங்கியது.

தூத்துக்குடிக்கு இந்தப் பாடம் புதிதன்று. 1906-இல் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கிய வ.உ.சிதம்பரனார் முதலில் வாடகைக் கப்பல்களையே நம்பினார். ஆங்கிலேயப் போட்டி நிறுவனத்தின் நெருக்குதலால் கப்பல் தந்தவர்கள் பின்வாங்கினர். அதன் பிறகே காலியா, லாவோ என்ற சொந்தக் கப்பல்கள் வாங்கப்பட்டன. இரவல் பெற்றதை எப்போது வேண்டுமானாலும் திரும்பக் கேட்பார்கள் என்பதை இவ்வூர் அன்றே அறிந்தது.

இன்று அவர் பெயரைத் தாங்கும் துறைமுகம் இருபுறமும் திறக்கும் கதவு. கார்களை வெளியே அனுப்ப அது எவ்வளவு வசதியோ, பாகங்களை உள்ளே இறக்கவும் அவ்வளவு வசதி. எனவே, துறைமுகம் இருப்பதால் மட்டும் உள்ளூர்த் தொழில் வளர்ந்துவிடாது. அரசு வழங்கும் சலுகைகள் முதலீட்டுத் தொகையோடும் வேலை எண்ணிக்கையோடும் நின்றுவிடக் கூடாது. ஆண்டுதோறும் உயர வேண்டிய உள்நாட்டுப் பாகங்களின் பங்கோடு அவற்றைப் பிணைக்க வேண்டும். பேட்டரித் தொகுப்பு, மோட்டார், மின்கம்பித் தொகுதி ஆகியவற்றைச் செய்யும் சிறுதொழில்கள் திருநெல்வேலியிலும் விருதுநகரிலும் எழ வேண்டும். தூத்துக்குடியிலேயே உள்ள வ.உ.சி. பொறியியல் கல்லூரி மாணவர்களுக்கு ஆலையின் சோதனை, வடிவமைப்பு, மென்பொருள் பிரிவுகளில் பயிற்சி கிடைக்க வேண்டும்.

எத்தனை கார்கள் வெளிவந்தன என்ற கணக்கு ஆண்டுதோறும் வரும். ஒரு காரின் விலையில் எத்தனை ரூபாய் தென்மாவட்டங்களில் ஈட்டப்பட்டது என்ற கணக்கையும் அரசு அதனுடன் வெளியிட வேண்டும்.