சின்ன ஸ்கிரிப்ட்தானே என்னும் அலட்சியம்

ஒரே கோப்பில் முப்பது வரிகளுக்குள் அடங்கிவிடும் ஸ்கிரிப்டுக்கு, அது எந்த லைப்ரரியின் எந்தப் பதிப்பை நம்பி நிற்கிறது என்று குறித்துவைப்பது வீண் சிரமம் என்றும், அத்தகைய நியமங்களெல்லாம் பலர் கூடி எழுதும் பெரிய மென்பொருள்களுக்கே உரியன என்றும் ஓர் அபிப்பிராயம் நிரல் எழுதுவோரிடையே வேரூன்றியிருக்கிறது. அது முற்றிலும் பிழையான அபிப்பிராயம்.

நான் குடியிருக்கும் நியூசிலாந்தின் புக்கெகோஹி, எரிமலைச் செம்மண்ணில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் விளையும் ஊர். இங்கே வெங்காயத்தைத் தரம்பிரித்து மூட்டை கட்டும் கூடமொன்றில் கணக்குப் பார்க்கும் நண்பர், ரகவாரியாக எடையைக் கூட்டிச் சொல்லும் ஒரு சிறு ஸ்கிரிப்டை, முன்பிருந்தவர் எழுதிவைத்துப் போனபடியே ஆண்டுக்கணக்கில் ஓட்டிவந்தார். பழைய கணினி போய்ப் புதியது வந்த வாரம், அது ஒரு பிழைச்செய்தியும் இன்றி ஓடி முடிந்தது. அறிக்கையிலோ தலைப்பு வரி மட்டும் இருந்தது, அதன்கீழ் ஒரு ரகமும் இல்லை.

மாலை முழுதும் தேடியபின் காரணம் அகப்பட்டது. அது ஆர் மொழியில் எழுதிய ஸ்கிரிப்ட். கோப்பிலிருந்து படிக்கும் எழுத்துப் பத்திகளைத் தானாகவே ஃபாக்டர் என்னும் வகைப்பட்டியலாக மாற்றிக்கொள்ளும் வழக்கத்தை, 2020 ஏப்ரலில் வெளிவந்த 4.0.0 பதிப்போடு அம்மொழி கைவிட்டது. ஃபாக்டரின் லெவல்களை, அதாவது ரகங்களின் பெயர்களை, கேட்டு வாங்கி, ஒவ்வொன்றுக்கும் ஒருமுறை சுழலவேண்டிய லூப்புக்குப் புதிய கணினியிலிருந்த பதிப்பில் ஒன்றுமே கிடைக்காததால், அது ஒருமுறைகூடச் சுழலவில்லை. ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மனும் தோற்றுவித்த அம்மொழியை இதற்காக நான் குறைகூற மாட்டேன். வளரும் மொழி மாறத்தான் செய்யும். எந்தப் பதிப்புக்காக எழுதினோம் என்று ஒரு வரி எழுதாமற் போனதே குற்றம்.

பைத்தான்காரர்களின் அனுபவமும் இதுவே. 2023 ஏப்ரலில் வந்த பாண்டாஸ் லைப்ரரியின் 2.0 பதிப்பு, டேட்டாஃபிரேமின் அப்பெண்ட் என்னும் மெத்தடை நீக்கியபோது, அதை நம்பியிருந்த ஸ்கிரிப்டுகள் புதிய பதிப்பில் ஓடாமல் நின்றன. நின்றதாவது நன்மை, மௌனமாகத் தவறான கணக்கைத் தருவதே பெரிய அநர்த்தம்.

பெரிய மென்பொருளுக்குச் சோதனைகள் உண்டு, காவலுக்கு ஆட்கள் உண்டு; சின்ன ஸ்கிரிப்டோ எழுதியவர் வேலை மாறிய பிறகும், மின்னஞ்சலில் கைமாறி, யாருமற்ற அநாதையாக உழைத்துக்கொண்டிருக்கிறது. தேவைகளைத் தனிக் கோப்பில் எழுதுவது அதற்குப் போதாது. கைமாறும்போது அந்தத் தனிக் கோப்பு பின்தங்கிவிடும். ஸ்கிரிப்டுக்குள்ளேயே, கமெண்ட் வரிகளாக, வேண்டிய பைத்தான் பதிப்பையும் லைப்ரரிகளையும் எழுதும் முறையை வகுத்த பெப் 723 என்னும் பைத்தான் மேம்பாட்டு முன்மொழிவு, 2024 ஜனவரியில் ஏற்கப்பட்டது; யூவி போன்ற கருவிகள் அவ்வரிகளைப் படித்து, வேண்டியவற்றைத் தாமே நிறுவி ஓட்டுகின்றன. ஆர் மொழியிலோ, லைப்ரரி என்னும் கட்டளை பெயரை மட்டுமே கேட்கிறது. பதிப்பெண்ணை நாம்தான் பக்கத்தில் எழுதவேண்டும்.

உங்கள் அலுவலகத்திலும் மாதந்தோறும் யாரோ ஓட்டும் ஒரு ஸ்கிரிப்ட் இருக்கும். அது சரியாக ஓடிக்கொண்டிருக்கும் இன்றைக்கே அதைத் திறந்து, இப்போது எந்தப் பதிப்புகளில் ஓடுகிறது என்பதை முதல் வரியில் எழுதிவிடுங்கள்.