வருஷத்துக்கு 1,000 டாலர், கிடைக்கும் ஆனா கிடைக்காது: அமெரிக்கத் தன்னார்வலர் பென்ஷன் நமக்குச் சொல்ற கணக்கு



என் காலேஜ் நண்பன் ஒருத்தன் நியூ ஜெர்சியில இருக்கான். சாஃப்ட்வேர் வேலை, கிரீன் கார்டு வந்தாச்சு, ஒரு பொண்ணு. போன மாசம் ராத்திரி கூப்பிட்டு, "மச்சான், எங்க ஊர் ஆம்புலன்ஸ் ஸ்க்வாட்ல வாலன்டியரா சேர்ந்துட்டேன்டா"ன்னான். எனக்கு முதல்ல சிரிப்புதான் வந்துச்சு. ஹாஸ்டல்ல பக்கத்து ரூம்ல ஒருத்தனுக்குக் கையில வெட்டுப்பட்டப்போ ரத்தத்தைப் பார்த்து மயங்கி விழுந்தவன் இவன்.

அடுத்து கேட்டான் பாருங்க, அதுதான் இந்தக் கட்டுரை. "நகராட்சி எங்களுக்கு வருஷத்துக்கு 1,000 டாலர் ஓய்வூதியக் கணக்குல போடுதுடா. உன் எக்செல் ஷீட்ல ரிட்டயர்மென்ட் பக்கத்துல இதை எந்த வரிசையில போடணும்?"

வீடியோல இதை 8 நிமிஷத்துல ஓட்டிட்டேன். சொல்லாம விட்டது நிறைய இருக்கு, இங்க எழுதுறேன்.

முதல்ல பின்னணி. நம்ம ஊர்ல தீயணைப்புன்னா அரசு வேலை. யூனிஃபார்ம், சம்பளம் எல்லாம் உண்டு. அமெரிக்காவுல அப்படி இல்ல. அங்க தீயணைப்பு வீரர்கள்ல பெரும்பாலானவங்க சம்பளம் வாங்காதவங்க. என்எஃப்பிஏ அமைப்போட 2020 கணக்குப்படி மொத்தம் சுமார் 10.41 லட்சம் பேர், அதுல 6.77 லட்சம் பேர் தன்னார்வலர்கள். பகல்ல ஒருத்தர் பிளம்பர், ஒருத்தர் பேங்க் ஊழியர், ஒருத்தர் ஸ்கூல் டீச்சர். பேஜர் அடிச்சா தீயணைப்பு நிலையத்துக்கு ஓடணும். சின்ன ஊர்கள்ல தீயணைப்பு சேவைன்னாலே இவங்கதான், வேற யாரும் இல்ல.

பிரச்சினை என்னன்னா, 1984-ல இதே தன்னார்வலர்கள் எண்ணிக்கை சுமார் 8.98 லட்சம். நாட்டோட மக்கள்தொகை ஏறிக்கிட்டே போகுது, இவங்க எண்ணிக்கை இறங்கிக்கிட்டே போகுது. காரணம் தேட ரொம்ப தூரம் போக வேண்டாம். வீட்டுல ரெண்டு பேரும் வேலைக்குப் போறாங்க, வேலை இடம் ஊருக்கு வெளியே இருக்கு, பயிற்சி நேரம் முன்னவிட அதிகம்.

ஆள் சேர்க்கவும், சேர்ந்தவங்க ஓடிடாம இருக்கவும் கொண்டுவந்ததுதான் லோசாப். விரிச்சா 'லெங்த் ஆஃப் சர்வீஸ் அவார்ட் புரோகிராம்'. எவ்வளவு வருஷம் சேவை செஞ்சீங்களோ அதுக்குத் தக்கபடி வயசான காலத்துல ஒரு தொகை. சம்பளம் கிடையாது, ஆனா கிட்டத்தட்ட பென்ஷன்.

மாநிலத்துக்கு மாநிலம் கணக்கு வேற. நியூயார்க்ல பாயின்ட் முறை. பயிற்சி, ஒத்திகை, கூட்டம், அழைப்புக்குப் போறதுன்னு ஒவ்வொண்ணுக்கும் பாயின்ட். ஒரு காலண்டர் வருஷத்துல 50 பாயின்ட் எடுத்தாத்தான் அந்த வருஷம் 'சேவை வருஷம்'னு கணக்குல ஏறும். 49 எடுத்தா? அந்த வருஷம் போச்சு. நம்ம அப்ரைசல் மாதிரியேதான்!

நியூ ஜெர்சியில 1998-ல வந்த சட்டம் வேற வழி. ஊர் நிர்வாகம் ஒவ்வொரு ஆளுக்கும் வருஷத்துக்கு 100 டாலர்லேருந்து 1,150 டாலர் வரை ஒரு முதலீட்டுக் கணக்குல போடலாம். உச்சவரம்பை விலைவாசிக்கேத்த மாதிரி உயர்த்திக்க வழி இருக்கு. ஊர் மக்கள் ஓட்டுப் போட்டு ஒத்துக்கிட்டாத்தான் திட்டமே ஆரம்பிக்க முடியும். இந்த ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. தன் வீடு எரிஞ்சா யார் ஓடி வருவாங்களோ, அவங்களுக்கு என்ன தரணும்னு வரி கட்டுறவங்களே முடிவு பண்றாங்க.

இப்ப என் நண்பன் கணக்குக்கு வருவோம்.

வருஷம் 1,000 டாலர், 20 வருஷம், 6% வளர்ச்சின்னு வெச்சா கையில சுமார் 36,800 டாலர். கேக்க நல்லாத்தான் இருக்கு. அவன் வருஷத்துக்கு 200 மணி நேரம் கொடுக்கிறான்னு ஒரு பேச்சுக்கு வெச்சுக்குவோம். ஒரு மணி நேரத்துக்கு 5 டாலர். அமெரிக்க மத்திய அரசோட குறைந்தபட்சக் கூலியே 2009-லேருந்து 7.25 டாலர். அதுவும் இவனுக்கு இந்த 5 டாலர் இன்னிக்குக் கையில வராது, முடி நரைச்ச பிறகுதான் வரும்.

அதனால முதல் விஷயத்தைத் தெளிவா சொல்லிடறேன். இது கூலி இல்ல. கூலின்னு பார்த்தா கேவலமான கூலி. இந்தக் காசுக்காக யாரும் ராத்திரி 2 மணிக்கு, பனியில, தூக்கத்தைக் கெடுத்துக்கிட்டு ஓட மாட்டாங்க. "தன்னார்வம்னு சொல்லிட்டு எதுக்குக் காசு?"ன்னு கேக்கிறவங்க இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்க்கணும்.

ஆனா "பென்ஷன் கொடுத்தா இளைஞர்கள் வந்து குவிஞ்சிடுவாங்க"ன்னு பேசுறவங்களோடயும் நான் ஒத்துப்போகல. 24 வயசுல இருக்கிற ஒருத்தன்கிட்ட "உனக்கு 65 வயசு ஆகும்போது மாசம் 400 டாலர் வரும்"னு சொன்னா அவன் என்ன நினைப்பான்? நீங்களே சொல்லுங்க. உங்க பிஎஃப் பாஸ்புக்கை கடைசியா எப்ப திறந்து பார்த்தீங்க?

சரி, அந்த 400 டாலரையே எடுத்துக்குவோம். மாசத் தொகையா தர்ற திட்டத்துல நியூயார்க் சட்டம் ஒரு சேவை வருஷத்துக்கு மாசம் 30 டாலர்னு உச்சவரம்பு வெச்சிருக்கு. ஒரு ஊர் 20 டாலர் தருதுன்னு வைங்க. 22 வயசுல சேர்ந்து 20 வருஷம் சேவை. 20 தடவை 20, மாசம் 400. இது கைக்கு வர்றது 65 வயசுல, அதாவது சேர்ந்த நாள்லேருந்து 43 வருஷம் கழிச்சு. விலைவாசி வருஷம் 3% ஏறினா, அன்னிக்கு வர்ற 400 டாலரோட மதிப்பு இன்னிக்குக் கணக்குல சுமார் 112 டாலர்தான். வாக்குறுதி பொய் இல்ல. 400 டாலர் சரியா வந்து சேரும். ஆனா அந்த 400 அன்னிக்கு 400 மாதிரி இருக்காது.

ஒரே எண்ணை எழுதி வெச்சுட்டு அப்படியே மறந்துடற பழக்கம் ஊர்களுக்கு மட்டும் இல்ல, வாஷிங்டனுக்கும் இருந்துச்சு. லோசாப் திட்டத்துக்கு வரிச் சலுகை கிடைக்கணும்னா ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு 3,000 டாலருக்கு மேல சேரக்கூடாதுன்னு 1996-ல வெச்சாங்க. அது 2017 வரிச் சட்டத்துலதான் 6,000 ஆச்சு. அப்பதான் விலைவாசியோட அதைக் கட்டியும் வெச்சாங்க. 21 வருஷம் ஒரே எண்!

"அமெரிக்கா கதை எங்களுக்கு எதுக்கு ப்ரோ?"ன்னு கேக்கிறீங்களா? நம்ம இபிஎஸ் பென்ஷனைப் பாருங்க. 2014 செப்டம்பர்ல சம்பள உச்சவரம்பை 6,500-லேருந்து 15,000 ஆக்கினாங்க. அந்த 15,000-ஐ வெச்சு 35 வருஷ சேவைக்குக் கணக்குப் போட்டா, 15,000 தடவை 35, வகுத்தல் 70, மாசம் 7,500 ரூபாய். உங்க சம்பளம் ஒரு லட்சமா இருந்தாலும், அந்த வரம்புக்குள்ளதான் பென்ஷன் கட்டறாங்கன்னா அதே 7,500தான். வியாதி ஒண்ணுதான், நாடுதான் வேற.

இப்ப முக்கியமான இடம். நண்பன் பேச்சோட பேச்சா சொன்னான்: "ஆபீஸ்ல டல்லாஸுக்கு மாத்திடுவாங்க போலடா. அனேகமா மூணாவது வருஷம்."

நான் உடனே கேட்டேன், "வெஸ்டிங் எத்தனை வருஷம்?"

"அஞ்சு."

அவ்வளவுதான். வெஸ்டிங்னா, உங்க பேர்ல போட்ட பணம் நிஜமாவே உங்களோடதா ஆகுற நாள். நியூ ஜெர்சியில அதுக்கு 5 வருஷ சேவை வேணும். மூணாவது வருஷத்துல கிளம்பினா கணக்குல 3,000 டாலர் தெரியும், கைக்கு வர்றது பூஜ்யம். டெக்சாஸுக்குப் போய் அங்க ஒரு தன்னார்வத் துறையில சேரலாம். அங்கயும் 1977-லேருந்து ஒரு மாநில ஓய்வூதியத் திட்டம் இருக்கு, உறுப்பினர் கையிலேருந்து ஒரு டாலர்கூட போட வேண்டாம். ஆனா அங்க 10 வருஷம் ஆனாத்தான் பாதி உரிமை, 15 வருஷம் ஆனாத்தான் முழுசு. நியூ ஜெர்சியில ஓடின ராத்திரிகளை அங்க கொண்டுபோக முடியாது.

இது நமக்குப் புதுசு இல்லையே? கிராஜுவிட்டி ஞாபகம் வருதா? நிரந்தர ஊழியருக்கு 5 வருஷத் தொடர்ச்சியான வேலை. பேசிக் 40,000 ரூபாய் வாங்குற ஒருத்தர் 4 வருஷம் முடிஞ்ச கையோட பேப்பர் போட்டா, 40,000 தடவை 15, வகுத்தல் 26, தடவை 4, சுமார் 92,000 ரூபாயை மேசையிலேயே விட்டுட்டுப் போறார். ஆஃபர் லெட்டர்ல சிடிசி-க்குள்ள கிராஜுவிட்டியையும் சேர்த்துக் காட்டியிருப்பாங்க. நாமளும் அது நம்ம பணம்னு நினைச்சு ஊர் முழுக்கப் பேக்கேஜ் சொல்லியிருப்போம்.

இன்னொரு விஷயம், இதை நான் படிச்சப்ப எனக்கே கொஞ்சம் தூக்கிவாரிப் போட்டுச்சு. நியூ ஜெர்சி திட்டத்துல, உங்க பேர்ல கணக்கு இருந்தாலும், எந்த ஃபண்டுல போடணும்னு நீங்களே தேர்ந்தெடுத்தாலும், பணம் உங்க கைக்கு வர்ற வரைக்கும் அது சட்டப்படி ஊர் நிர்வாகத்தோட சொத்து. ஊர் கடன்ல மூழ்கினா கடன்காரங்க அதுல கை வைக்கலாம். நடக்குமான்னா அனேகமா நடக்காது. ஆனாலும் நம்ம பிஎஃப் பணத்துல கம்பெனியோட கடன்காரன் கை வைக்க முடியாது. அந்த வித்தியாசம் பெரிய வித்தியாசம்.

அப்போ இந்தத் திட்டமே வேஸ்ட்டா? இல்லவே இல்ல. ஒரு ஊர் இதே வேலைக்கு 24 மணி நேரமும் சம்பளத்துக்கு ஆள் வெச்சா சொத்து வரி எங்க போய் நிக்கும்னு யோசிங்க. அந்தச் செலவைத் தன்னார்வலர்கள்தான் மிச்சம் பிடிச்சுக் கொடுக்கிறாங்க. அதுல ஒரு சின்னப் பங்கைத் திருப்பிக் கொடுக்கிறது தர்மம் இல்ல, கடன். கொடுக்கிற விதத்துலதான் என் சண்டை. 30 வருஷம் ஒரே ஊர்ல வாழ்ந்து ஒரே ஃபேக்டரியில ரிட்டயர் ஆன காலத்துக்குப் போட்ட திட்டம் இது. இன்னிக்கு 28 வயசுக்காரங்க மூணு வருஷத்துக்கு ஒரு ஊர் மாறுறாங்க. அவங்களுக்கு முதல் வருஷத்துலேருந்தே கொஞ்சம் கொஞ்சமா உரிமை வரணும். ஊர் மாறினா பணமும் கூட வரணும். எண்ணை விலைவாசியோட கட்டி வைக்கணும். அதுக்கு மேல கொஞ்சம் கைக்காசாவும் தரலாம். 2020 டிசம்பர்ல வந்த சட்டப்படி சேவை செஞ்ச மாசத்துக்கு 50 டாலர், வருஷத்துக்கு 600 வரைக்கும் மத்திய வரி இல்லாமத் தர வழி இருக்கு. 24 வயசுக்காரனுக்கு அந்த 50 டாலர் புரியும்.

காசு எங்கேருந்து வரும்னு கேட்டா, மினசோட்டாவைப் பாருங்க. அங்க தீ இன்ஷூரன்ஸ் பிரீமியத்து மேல 2% வரி போட்டு, அதிலேருந்து தன்னார்வ வீரர்களோட ஓய்வுக்காலத் தொகைக்குப் பணம் போகுது. வீடு எரியாம இருந்தா லாபம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு. எரியாம காப்பாத்துறவனுக்கு அதுலேருந்து ஒரு பங்கு. இதைவிட நேரான கணக்கு இருக்க முடியாது.

கடைசியா நண்பன்கிட்ட நான் சொன்னது: "சேர்ந்தது சேர்ந்துட்ட, நல்லது, இரு. ஆனா ஷீட்ல அந்த 1,000 டாலரை எழுதாத. அதுக்குப் பதிலா உன் சம்பளத்துலேருந்து மாசம் 85 டாலர் உன் சொந்தக் கணக்குல போடு. அது வருஷத்துக்கு 1,020 ஆச்சு, டல்லாஸ் போனாலும் உன்கூட வரும்."

கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்புறம் சொன்னான்: "போன வாரம் ஒரு பாட்டி விழுந்துட்டாங்கடா. அவங்க வீட்டுக்காரர் என் கையைப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்ல. சரி, அந்த வரிசையில பூஜ்யம்னே போடு. செவ்வாய்க்கிழமை ராத்திரி எனக்கு கிளாஸ் இருக்கு, வெக்கிறேன்."

பூஜ்யம்னு போட்டுட்டேன். வரிசையை மட்டும் அழிக்கல. அஞ்சு வருஷம் அவன் அங்கேயே இருந்தா பார்த்துக்கலாம்.