கொறக்காப்புளிக்கு வந்த வாழ்வு

கார்சினியா கம்போஜியா. சொல்லும்போதே ஏதோ தூரதேசத்துக் காட்டில் கண்டெடுத்த மூலிகை மாதிரி இருக்கும். ‘கொழுப்பை எரிக்கும்’ என்று ஒன்லைனில் விற்கிற போத்தல்கள் பலவற்றில் இந்தப் பெயர் முன்பக்கத்திலேயே பெரிய எழுத்தில் நிற்குது. சாமான் வேற ஒண்டுமில்லை. எங்கட நாட்டுச் சமையலறைகளில் மீன் குழம்புக்குப் போடுற கொறக்காப்புளிதான். சிங்கள வீடுகளில் அம்புல் தியல் அப்பிடிக் கறுப்பாக வாறதும் அதாலதான்.

அது போத்தலுக்குள் போனதுக்கு ஒரு காரணம் இருக்கு. அந்தப் பழத்தின் தோலில் ஹைட்ரொக்சிசிட்ரிக் அமிலம் இருக்கிறது. மாவையும் சீனியையும் உடம்பு கொழுப்பாக மாற்றுகிற வழியில் வேலை செய்யும் ஒரு நொதியத்தை இந்த அமிலம் தடுக்கும் என்பது 1960களின் கடைசியிலேயே ஆய்வுகூடத்தில் தெரிந்த விஷயம். எலிகளுக்குக் கொடுத்தபோது அவை சாப்பிடுவதும் குறைந்தது, நிறை கூடுவதும் குறைந்தது. விஞ்ஞானம் எனக்கு ஓ.எல். உடன் முடிந்துபோன பாடம். ஆனால் ‘எலிக்குச் சரி, மனிசருக்கு?’ என்று கேட்க அதுக்கு மேல் படிக்கத் தேவையில்லை.

கேட்டும் பார்த்திருக்கிறார்கள். 1998 இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் ஓர் ஆய்வு வெளிவந்தது. நிறை கூடிய 135 பேரில் ஒரு பகுதியினருக்கு நாளுக்கு 1500 மில்லிகிராம் இந்த அமிலம், மற்றவர்களுக்கு மருந்தே இல்லாத வெறும் குளிசை. எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கலோரி குறைந்த சாப்பாடு. 12 வாரம் கழித்து நிறுத்துப் பார்த்தால், அமிலம் எடுத்தவர்கள் சராசரியாக 3.2 கிலோ குறைந்திருந்தார்கள். வெறும் குளிசை விழுங்கியவர்கள் 4.1 கிலோ! புள்ளிவிபரப்படி அந்த வித்தியாசத்தைக் கணக்கில் எடுக்க ஏலாது, அதனால் வெறும் குளிசைதான் திறம் என்று சொல்ல வரவில்லை. இரண்டு பக்கமும் நிறையைக் குறைத்தது சாப்பாட்டுக் கட்டுப்பாடு. 2011 இல் இப்படியான பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது கொறக்காவின் பக்கம் வந்த இலாபம் 0.88 கிலோ. அதுவும் குறுகிய கால ஆய்வுகளில்.

பிறகேன் எடுக்கிற ஆக்கள் ‘வேலை செய்யுது’ எண்டு சத்தியம் பண்ணுகினம்?

என்னோடு அறையில் இருக்கிற பிள்ளை மகாபொல காசில் ஒரு போத்தல் வாங்கினாள். முதல் கிழமையே “உடம்பு சூடாகுது, வேர்க்குது, நெஞ்சு படபடக்குது, கொழுப்பு எரியுதடி” என்றாள். போத்தலைத் திருப்பிப் பார்த்தால் கார்சினியாவுக்குக் கீழே கபீன், கிறீன் டீ சாறு. படபடப்பு கபீனின் வேலை. பால் விடாமல் இரண்டு கோப்பை கடுங்கோப்பி குடித்தாலும் அது வரும். கபீன் உடம்பின் சக்திச் செலவைக் கொஞ்சம் கூட்டும் என்பது உண்மை, ஆனால் கொஞ்சம்தான். கிறீன் டீ பற்றி 2012 இல் வந்த கொக்ரேன் மீளாய்வும் குறைகிற நிறை மிகச் சொற்பம் என்றே சொன்னது.

உண்மையில் கொழுப்பு உடம்பை விட்டுப் போகும் வழி வேர்வை இல்லை. 2014 இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்: 10 கிலோ கொழுப்புக் கரைந்தால் 8.4 கிலோ காபனீரொட்சைட்டாக மூச்சோடு வெளியேறும், மிச்சம் தண்ணீர். எனக்கு இது நம்பவே முடியாத அழகான தகவல். ஆனால் ‘நுரையீரலால் மெலியுங்கள்’ எண்டு போத்தலில் போட்டு விற்க ஏலாதே.

பலன் இல்லை என்றால் காசோடு போகட்டும் என்று விடலாம். எனக்குப் பயம் ‘கலவை’ என்ற சொல்லில். சில லேபல்களில் மொத்தக் கலவை இத்தனை மில்லிகிராம் என்று இருக்கும். அதில் எது எவ்வளவு என்று இருக்காது. 2009 மே மாதம் அமெரிக்காவில் ஹைட்ரொக்சிகட் வகைகள் பலவற்றைச் சந்தையில் இருந்து திருப்பி எடுத்தார்கள். ஈரல் தொடர்பான 23 பாரதூரமான முறைப்பாடுகள், ஒரு மரணம். சேர்ந்திருந்த பொருட்களில் எது காரணம் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. இன்னொன்று சிபுட்ரமின். பசியைக் குறைக்கிற இந்த மருந்து மாரடைப்பு, பக்கவாத ஆபத்தைக் கூட்டியதால் 2010 இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நிறுத்தப்பட்டது. அதுக்குப் பிறகும் ‘முழுக்க இயற்கை’ என்று எழுதிய மெலிவுக் குளிசைகளுக்குள் ஒளித்து வைத்திருந்ததைத் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

“கறிக்குப் போடுறதுதானே, என்ன செய்யப்போகுது?” என்று கேட்பவர்களுக்கு: குழம்புக்கு இரண்டு துண்டு போடுவதும், சாறெடுத்து மாதக்கணக்காகத் தினமும் விழுங்குவதும் ஒன்றா?

விற்கிறவர்களை மட்டும் திட்டவும் மனம் வரவில்லை. வீட்டுக்குப் போன உடனே “என்ன, நல்லா வைச்சிட்டாய்” எண்டு மாமிமார் கேட்காத ஊரில் இந்தப் போத்தல் இவ்வளவு விலைப்படுமா? என் அறைத்தோழி நிறை கூடியவளும் இல்லை. போத்தலுக்குக் காசு போனதால் இந்த மாதம் மத்தியானச் சோற்றுப் பார்சலை இரண்டு பேராகப் பகிர்ந்து சாப்பிடுகிறாள். ஒரு கிலோ குறைந்திருக்காம். அந்தக் கிலோவைப் போத்தலின் கணக்கில் எழுதிவிட்டு, அடுத்ததுக்கு ஓடர் போடப் பார்க்கிறாள்.